67 வயதில் ஆசிய விளையாட்டுப் பதக்கம்: யார் இந்த கிரண் நாடார்? பிரிட்ஜ் சீட்டாட்டம் சூதாட்டமா?

சீட்டுக்கட்டை கையில் எடுத்தாலே ‘குடும்பம் உருப்படாது’ என்று திட்டு விழும் ஊர் நம்ம ஊர். ஆனால், அதே சீட்டாட்டத்தில் இந்தியாவுக்காக ஆடி, 67 வயதில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கம் வென்றவர் கிரண் நாடார்.

யார் இவர்?

டெல்லியில் வசிக்கும் கிரண், விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். ஹெச்.சி.எல். நிறுவனர் ஷிவ் நாடாரின் மனைவி. ஷிவ் நாடார் பிறந்தது திருச்செந்தூர் அருகே மூலைப்பொழி கிராமம். படித்தது மதுரை அமெரிக்கன் கல்லூரியில். 2010-ல் தன் பெயரிலேயே கலை அருங்காட்சியகம் தொடங்கியவர் கிரண். ஆனால் பிரிட்ஜ் வட்டாரத்தில் அவரை ‘ஃபார்மிடபிள்ஸ்’ அணியின் வீராங்கனையாகத்தான் தெரியும்.

என்னென்ன வென்றார்?

2014-ல் கிளாஸ்கோவில் நடந்த காமன்வெல்த் பிரிட்ஜ் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில்தான் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்ற 6 பேரில் கிரணும் ஒருவர். அதே போட்டியில் ஆண்கள் இரட்டையரில் பிரணாப் பர்தன் – ஷிப்நாத் சர்க்கார் ஜோடி தங்கம் வென்றது. அப்போது பர்தனுக்கு வயது 60.

எப்படி ஆடுவார்கள்?

4 பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. 52 சீட்டு, ஆளுக்கு 13. முதலில் ஏலம்: எத்தனை சுற்று ஜெயிப்போம், எது துருப்பு என்று கேட்க வேண்டும். ஏலம் எடுத்தவர் சொன்னதைச் செய்து காட்ட வேண்டும். அவருடைய ஜோடியின் சீட்டுகள் மேஜையில் திறந்து வைக்கப்படும். ஜோடிக்குக் கண் ஜாடை காட்டவே கூடாது. பெரிய போட்டிகளில் மேஜையின் குறுக்கே திரை போட்டு மறைத்துவிடுவார்கள்.

நல்ல சீட்டு வந்தால் ஜெயிக்கலாமே?

அங்கேதான் விஷயம் இருக்கு. அணிப் போட்டியில் ஒரே சீட்டுகள் 2 மேஜைகளில் ஆடப்படும். இங்கே நல்ல சீட்டு உங்கள் அணிக்கு வந்தால், அந்த மேஜையில் அதே சீட்டு எதிரணியின் கையில் இருக்கும். ஒரே சீட்டை வைத்து யார் அதிகம் எடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. ஆகவே, ‘சீட்டு வரல’ என்று சாக்கு சொல்ல முடியாது.

அப்போ இது சூதாட்டம் இல்லையா?

பணம் வைத்து ஆடினால்தான் சிக்கல். பிரிட்ஜ் போட்டிகளில் ஆட்டத்தின் மீது பந்தயப் பணம் கிடையாது; எண்ணுவது புள்ளிகளை மட்டுமே. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-லேயே உலக பிரிட்ஜ் கூட்டமைப்பை அங்கீகரித்துவிட்டது. 1967-ல் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்ன உச்ச நீதிமன்றமும், ஒப்பிட எடுத்துக்கொண்டது பிரிட்ஜைத்தான்.

ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து குடும்பங்கள் சிதைந்ததைப் பார்த்த தமிழ்நாட்டில், சீட்டு மீதான பயம் நியாயமானதே. ஆனால் பயப்பட வேண்டியது சீட்டைப் பார்த்து அல்ல, அதன் மேல் வைக்கும் பணத்தைப் பார்த்து. ஞாபக சக்தியும் நிதானமும் இருந்தால், 60 வயதைத் தாண்டியும் நாட்டுக்காக ஆட முடியும் என்பதற்கு கிரண் நாடாரின் வெண்கலமே சாட்சி.