பின் சொக்கைத் திருத்துவதா, மாற்றுவதா? எல்ல மலைப்பாதையில் கற்றுக்கொண்டவை

எல்லவிலிருந்து பதுளை வைத்தியசாலைக்கு மாதம் ஒரு முறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தெமோதரை, ஹாலி-எல வழியாகப் போகும் பாதை. எங்களிடமுள்ள ஒரே வாகனம் பதினொரு வருடப் பழைய 100 சீசீ மோட்டார் சைக்கிள். அம்மாவின் முதுகெலும்புக்குப் பக்கத்தில் 2009இல் பாய்ந்த ஷெல் துண்டொன்று இன்னமும் இருக்கிறது. எடுக்கப் போனால் கால்கள் வழங்காமல் போகலாம் என்று டொக்டர்மார் சொன்னதால் அதை அப்படியே விட்டிருக்கிறோம்.

1983 ஜூலைக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி, கிணறு தோண்டி, இருபத்தைந்து வருடம் இருந்தோம். யுத்தம் முடிந்து செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது போவதற்கு இருந்த ஒரே இடம் சின்னம்மாவின் லயன் வீடு. அப்படித்தான் திரும்பவும் மலைக்கு வந்தோம்.

பாதையில் குழி வந்தால் அம்மா சத்தம் போடுவதில்லை. என் தோளில் இருக்கும் கை இறுகும். கடந்த மழைக்காலத்துக்குப் பிறகு அந்தக் கை வழி முழுவதும் இறுகியே இருந்தது. பழுது மோட்டார் சைக்கிளின் பின் சொக் அப்சோபரில். அதைச் சரிசெய்ய முயன்றபோது நான் ஒரு பிழையும் விட்டேன். அந்தப் பிழையையும் பிறகு கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போலவே பழைய மோட்டார் சைக்கிளில் நோயாளிகளையும் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்பவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பழைய வண்டியையே ஏன் திருத்துகிறோம்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறியது. உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் பிழையான சாமானை ஒருமுறை வாங்கினால் மறுபடி வாங்கக் காசு இருக்காது. ஆகவே காசைக் கையில் எடுப்பதற்கு முன்னர் பழுது எதில் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சொக்கில் இரண்டு வேலைகள்

வெளியே தெரியும் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் குழாயில் ஒயிலும், துளைகள் உள்ள ஒரு பிஸ்டனும், அதோடு சேர்ந்த கம்பியும் இருக்கின்றன. சில்லு மேலும் கீழும் போகும்போது ஒயில் அந்தச் சிறு துளைகளால் நெருக்கிக்கொண்டு போகிறது. அசைவின் விசை அதிலே சூடாக மாறி அடங்குகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு குழிக்கு வண்டி நாலு தரம் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவது ஒயில்.

பின்னால் இருப்பவர் ஏறக்குறையப் பின் சில்லின் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒயில் செத்துப்போனால் ஸ்பிரிங் உள்வாங்கிய அடி முழுவதும் திரும்ப மேலே வந்து அவருடைய முதுகில்தான் விழும். ஓட்டுபவருக்கு அதில் பாதிகூடத் தெரியாது. எனக்குப் பல மாதம் தெரியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

பிறேக்குக்கும் இதில் பங்கு உண்டு. ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே இருக்கும் எல்லவிலிருந்து இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையை நினைத்துப் பாருங்கள். வளைவில் பிறேக் பிடிக்கும்போது துள்ளிக்கொண்டிருக்கும் சில்லு கணப்பொழுது தரையை விடுகிறது. தரையில் இல்லாத ரயரை எந்த பிறேக்காலும் நிறுத்த முடியாது. ஈரமான பாதையென்றால் அது வழுக்கிக்கொண்டு போகும்.

பழுதைக் கண்டுபிடிப்பது

வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு சீட்டின் பின்பக்கத்தை உடற்பாரத்தோடு அமுக்கிச் சட்டென்று விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் நல்லது. இரண்டு மூன்று தரம் ஆடினால் ஒயில் போய்விட்டது.

பிறகு கம்பியைப் பாருங்கள். ஒயில் கசிந்து அதில் தூசு ஒட்டிக் கறுத்திருந்தால் சீல் போய்விட்டது. கம்பியில் துரு குத்தியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். வன்னியின் கிரவல் றோட்டுத் தூசு சீலைத் தின்னும். மலையில் மழையும் ஈரமும் கம்பியைத் தின்னும்.

மூன்றாவது, நடு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திப் பின் சில்லை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது சொக்கின் பழுதில்லை. சில்லின் பெயாரிங்கோ, சில்லைப் பிடித்திருக்கும் சுவிங் ஆர்மின் புஷ்ஷோ தேய்ந்திருக்கும். அதை விட்டுவிட்டுப் புதுச் சொக் போட்டால் காசு வீண்.

நான் விட்ட பிழை

சொக்கின் அடியில் படிபடியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலும் ஐந்து படி. அதைத் திருப்பினால் ஸ்பிரிங் ‘கல்லாகும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் கடைசிப் படிக்குத் திருப்பினேன். அடுத்த கிளினிக் பயணத்தில் அம்மா ஹாலி-எலவில் இறங்கிவிட்டார். “நீ போ தம்பி, நான் பஸ்ஸில வாறேன்” என்றார். அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பண்டாரவளையில் சொக் திருத்தும் லேத்காரர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஸ்பானரை எடுக்கவில்லை, முதலில் அளவுநாடாவை எடுத்தார். வளையத்தை இரண்டாம் படிக்கு இறக்கினார். நடு ஸ்டாண்டில் பின் சில்லு தொங்கும்போது அச்சிலிருந்து நேரே மேலே பிரேமில் ஒரு புள்ளிவரை அளந்தார். பிறகு ஸ்டாண்டை எடுத்து, அம்மாவின் நிறையுள்ள ஒருவரை என் பின்னால் உட்காரவைத்து அதே அளவை மீண்டும் எடுத்தார். வித்தியாசம் 38 மில்லிமீற்றர்.

இப்படிப்பட்ட சிறிய வண்டிகளில் பின் சில்லு அசையும் முழுத் தூரம் 100 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். ஓட்டுபவர் தனியே ஏறும்போது அதில் கால்வாசி முதல் மூன்றில் ஒன்றுவரை இறங்குவதும், இருவர் ஏறும்போது இன்னும் கொஞ்சம் இறங்குவதும் சரியான அளவு. பாதிக்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பாரம் கூடியிருக்கும்.

“ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு தம்பி. உள்ளுக்குத்தான் ஒண்ணுமில்ல” என்றார்.

படிவளையம் ஸ்பிரிங்கின் பலத்தை மாற்றுவதில்லை. அதை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைத்து வண்டியின் பின்பக்கத்தை உயர்த்துகிறது, அவ்வளவுதான். பாரம் கூடும்போது உயரத்தைச் சரிசெய்வதற்கே அந்த வளையம். ஒயில் செத்த சொக்கில் அதை முழுதாக ஏற்றினால், அடக்க ஆளில்லாத ஸ்பிரிங் சொக்கை அதன் மேலெல்லைவரை எற்றி அடிக்கும். அம்மாவை பஸ்ஸுக்கு அனுப்பியது அந்த அடிதான்.

செலவில்லாத வேலைகள் முதலில்

ரயரின் காற்றைப் பாருங்கள். செயின் மூடியிலோ கைநூலிலோ தனியே ஓடவும் இருவர் ஓடவும் வெவ்வேறு அளவு போட்டிருக்கும். பஞ்சராகும் என்ற பயத்தில் கல்லுப்போல் காற்றடித்தால் எந்தச் சொக்காலும் முதுகைக் காப்பாற்ற முடியாது. காற்றுக் குறைந்தால் குழியில் றிம் அடிபடும். சொக்கின் இரு முனைகளிலும் உள்ள இறப்பர் புஷ்களையும் பாருங்கள். அவை வெடித்திருந்தால் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை.

திருத்துவது

விலை குறைந்த வண்டிகளின் சொக்குகள் பெரும்பாலும் திறப்பதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. வாய் மடித்து மூடியிருக்கும். லேத்காரர்கள் அந்த வாயை வெட்டி, மரை போட்டு, திருகு மூடி செய்து, புதுச் சீல் வைக்கிறார்கள். கேட்டு உறுதிசெய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, கம்பி. துரு குத்திய கம்பியில் புதுச் சீல் போட்டால் சில வாரங்களில் மறுபடி கசியும். கம்பியை மாற்ற வேண்டும் அல்லது தீட்டிக் குரோம் பூச வேண்டும்.

இரண்டாவது, ஒயில். முன் போர்க்குக்கு விடும் 10 நம்பர் போர்க் ஒயில் பொருத்தமானது. என்ஜின் ஒயில் நுரைக்கும். நுரைத்த ஒயில் துள்ளலை அடக்காது. பிறேக் ஒயில் விட்டால் சீலின் இறப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

மூன்றாவது, அளவு. கம்பி உள்ளே போகும்போது அதற்கும் இடம் வேண்டும். ‘கூட விட்டால் நல்லது’ என்று வாய்வரை நிரப்பினால் பாதித் தூரத்திலேயே சொக் பூட்டிக்கொள்ளும், சீல் வெடிக்கும். கம்பி முழுதாக உள்ளே போன பின்னரும் கொஞ்சம் காற்றுக்கு இடம் மிஞ்ச வேண்டும்.

நான்காவது, சோடி. ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இரண்டையும் ஒரே ஒயிலால், ஒரே அளவால் செய்யுங்கள். இல்லாவிட்டால் சுவிங் ஆர்ம் முறுகும், வளைவில் வண்டி பிசகும்.

வீட்டில் செய்யக்கூடாதவை இரண்டு. அமுக்கிய ஸ்பிரிங்கைக் கருவி இல்லாமல் கழற்றாதீர்கள். அது முகத்தில் பாயும். பக்கத்தில் சிறு சிலிண்டர் உள்ள ‘காஸ் சொக்’கைத் துளைக்கவோ சூடாக்கவோ வேண்டாம். அதற்குள் அழுத்தத்தோடு நைதரசன் இருக்கிறது.

மாற்றுவதென்றால்

கம்பி வளைந்திருந்தாலோ, குழாய் நசுங்கியிருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ திருத்துவதில் பயனில்லை. முடிந்தால் அதே வகைக்கான புதுச் சோடியை வாங்குங்கள். பெரிய வண்டியின் பாவித்த சொக் மலிவாகக் கிடைத்தால், இரு துளைகளுக்கும் இடையிலான நீளம், துளையின் விட்டம், முனையின் அகலம் மூன்றையும் அளந்து பாருங்கள். மூன்றும் பொருந்தினாலும், 150 சீசீ வண்டியின் ஸ்பிரிங் 100 சீசீ வண்டிக்குக் கடினமாக இருக்கும். ‘உறுதியான சொக்’ என்று விற்பவர் சொல்வது முதுகுக்கு நல்ல சொக் என்று அர்த்தமாகாது.

நீளம் கூடிய சொக் போட்டால் சீட் உயரும், செயினின் கோணம் மாறும், ஸ்டாண்டில் வண்டி சரியாக நிற்காது. செயற்கைக் காலோடு ஓட்டுபவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இறக்கத்தில் நிறுத்தும்போது கால் தரையில் ஊன்ற ஒரு அங்குலம் குறைந்தாலும் விழ நேரிடும்.

பூட்டும்போது

நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு பக்கத்தைக் கழற்றிப் பூட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் சுவிங் ஆர்ம் கீழே விழும். பூட்டுவதற்கு முன் சொக்கை நிமிர்த்திப் பிடித்துப் பத்துத் தரம் அமுக்கி இழுத்தால் உள்ளே சிக்கிய காற்று மேலே போகும். கிறீஸை இரும்பு உறையில் பூசுங்கள், இறப்பரில் படவிடாதீர்கள். கடைசியாக, ஒருவரை ஏற்றிவைத்து செயினின் தளர்வைப் பாருங்கள். நூறு கிலோமீற்றர் ஓடிய பின் நட்களை மறுபடி இறுக்குங்கள்.

எனக்கு இரண்டு சொக்கும் திருத்தி முடியப் புதுச் சோடிக்குக் கேட்ட விலையில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலே வந்தது. வளையம் இரண்டாம் படியில்தான் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த அமுக்கும் பரிசோதனையைச் செய்கிறேன்.

முதுகில் காயமுள்ளவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஏற்ற வாகனம் என்று நான் சொல்ல வரவில்லை. வலி கூடினால் டொக்டரிடம் கேளுங்கள். பஸ்ஸோ முச்சக்கர வண்டியோ கிடைக்கும் நாளில் அதிலேயே போங்கள். ஆனால் லயத்திலிருந்து பஸ் வரும் பாதைக்கே கற்றோட்டில் இறங்கி வரவேண்டிய வீடுகள் இங்கே நிறைய இருக்கின்றன.

போன மாதம் கிளினிக்குக்குப் போகும்போது தெமோதரை தாண்டியதும் அம்மா கிளிநொச்சி வீட்டுக் கிணற்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். தண்ணீர் எத்தனை முழத்தில் வந்தது, யார் யார் சேர்ந்து வெட்டினார்கள் என்று பதுளை வரும்வரை கதைத்துக்கொண்டே வந்தார். முன்பெல்லாம் அந்தப் பாதையில் அவர் வாய் திறந்ததில்லை.