ஈரம் முதலில், வெயில் பிறகு: நம் ஊர் வீடுகளின் கதை



நம் குடியிருப்பில் ஆண்டுதோறும் இரண்டு புகார்கள் வரும். சித்திரை, வைகாசியில் மேல் மாடிக்காரர்கள், "ராத்திரி பதினோரு மணிக்கும் கூரையிலிருந்து அனல் இறங்குகிறது" என்பார்கள். ஐப்பசி பிறந்ததும் தரைத்தளத்தில் இருப்பவர்கள், "சுவரில் ஈரம் ஏறுகிறது, பீரோவுக்குள் பட்டுப் புடவை பூஞ்சை பிடிக்கிறது" என்பார்கள். இரண்டு வீடுகளிலும் மின் கட்டணம் ஏறுகிறது. மொட்டை மாடியைச் சரிசெய்யும் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு வந்தால் மட்டும் இந்த இரு தரப்பும் எதிரெதிராக உட்கார்ந்துவிடுகின்றன. அடுத்த பொதுக்குழுவில் அந்தப் பேச்சு மறுபடியும் வரப்போகிறது. அதற்கு முன், கரண்ட் இல்லாத காலத்தில் இந்த ஊர் வீடுகள் வெயிலையும் ஈரத்தையும் எப்படிச் சமாளித்தன, நாம் எந்த இடத்தில் வழி மாறினோம் என்று கொஞ்சம் பார்க்கலாம்.

தாழ்ந்துபோன தரை

ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போகும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கோயிலின் தரை வெளியே இருக்கும் தரையைவிடத் தாழ்வாக இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் கட்டிய கோயில் அது. இத்தனை நூற்றாண்டுகளில் சுற்றியுள்ள நிலம் மேடாகிவிட்டது. பெரிய மழை பெய்தால் முன்பக்கம் தண்ணீர் தேங்குவது நமக்குப் புதிதல்ல.

கோயிலுக்கு எண்ணூறு ஆண்டுகளில் நடந்தது, நம் வீடுகளுக்கு இருபது முப்பது ஆண்டுகளில் நடந்துவிடுகிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலை போடும்போதெல்லாம் வீடு ஒரு படி கீழே போகிறது. சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழகத் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். காவிரிப் படுகையின் களிமண் குடித்த நீரை எளிதில் விடாது. அந்த நீர் அஸ்திவாரத்தின் வழியாகச் செங்கலில் ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். தெருவிலிருந்து நாலைந்து படி ஏறித்தான் திண்ணை. சுவருக்கு வெளியே நீண்ட ஓட்டுத் தாழ்வாரம் மழைச் சாரலைச் சுவரில் படவிடாது. சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வருடா வருடம் வெள்ளையடிப்பு. சுண்ணாம்பு நுண்துளை உள்ளது. மழைக்காலத்தில் ஈரம் ஏறினாலும், தை மாத வெயிலில் அது சுவரின் வழியாகவே வெளியேறி உலர்ந்துவிடும். நடுவில் முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலே போக, வாசலிலிருந்து புதுக் காற்று உள்ளே வரும்.

நெசவுத் தெருக்களில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. குழித்தறி தரைக்குள் இறங்கி இருக்கும். காற்று மிகவும் வறண்டால் நூல் அறும். ஈரம் மிஞ்சினால் நூலும் கெடும், தறியின் மரமும் உப்பும். மழை நாளில் தெருவில் பாவு விரிக்கவும் முடியாது. தாராசுரத்துத் தறிக்காரர்களுக்கு ஈரம் என்பது வீட்டுத் தொல்லை மட்டுமல்ல, கூலியையே நிறுத்தும் விஷயம்.

மட்டப்பா

வசதியுள்ள வீடுகளில் ஓட்டுக்குப் பதில் மட்டப்பா போட்டார்கள். இன்ஜினீயர்கள் இதை 'மெட்ராஸ் டெரஸ்' என்பார்கள். தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், சாய்கோணமாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று, நான்கு அங்குலம் கொட்டி, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளிப்பார்கள். கடைசியில் தட்டோடு. செங்கல் ஜல்லிக்குள் இருக்கும் காற்று வெயிலைத் தாமதப்படுத்தும். மழைநீர் ஓட வாட்டமும் விட்டிருப்பார்கள்.

இன்று நம் மாடியில் கான்கிரீட்டின் மேல் இருக்கும் 'வெதரிங் கோர்ஸ்' அந்த மட்டப்பாவின் மேல் பாதிதான். வெயிலையும் நீரையும் சேர்த்துத் தடுக்க வந்தது அது. அதில் வெடிப்பு விழுந்தால் இரண்டு காவலும் ஒரே நேரத்தில் போய்விடும்.

கீற்றை ஏன் விட்டோம்

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. முற்றமும் மட்டப்பாவும் நிலம் உடையவர்களின் வீடுகளில் இருந்தன. வயலில் இறங்கி உழைத்தவர்கள் மண் சுவரிலும் கீற்றுக் கூரையிலும்தான் வாழ்ந்தார்கள். கீற்று வெயிலை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஒரு பொறி போதும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றானது. 2010-ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டமும் தமிழகத்தில் வந்தது. கான்கிரீட் பாதுகாப்பைக் கொடுத்தது. ஆனால் கீற்று கொடுத்த நிழலை அது தானாகக் கொடுக்காது.

சிமென்டும் கரண்டும்

1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. 1937-ல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. வயலுக்கு நீர் தந்த அதே அணை மின்சாரமும் தந்தது. 1939-ல் கொள்ளிடத்துக்கு வடக்கே டால்மியாபுரத்தில் சிமென்ட் ஆலை வந்தது. 1957-ல் மின்சார வாரியம் உருவானது. அடுத்த சில பத்தாண்டுகளில் நம் வீடு கட்டும் முறையே மாறிவிட்டது.

முற்றம் மூடப்பட்டது, ஃபேன் வந்தது. தாழ்வாரம் போனது, சாரல் நேராகச் சுவரில் அடித்தது. சுண்ணாம்பு போய்ச் சிமென்ட் பூச்சும், பிளாஸ்டிக் படலம் போன்ற பெயின்ட்டும் வந்தன. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழி குறைந்தது. பெயின்ட் கொப்புளித்து உரிவதும் உப்புப் பூப்பதும் அதனால்தான். கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்து, இரவில் நம் தலைமேல் இறக்குகிறது. வீடு தானே செய்துவந்த வேலையைக் கரண்டிடம் ஒப்படைத்துவிட்டோம்.

இதற்கான கூலி எவ்வளவு? ஏசி, காற்றின் சூட்டோடு ஈரத்தையும் சேர்த்துத்தான் எடுக்கிறது. காற்றிலிருந்து ஒரு லிட்டர் நீரைப் பிரிக்க ஏறத்தாழ 0.7 யூனிட் அளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நனைந்த சுவர் ஒருபக்கம் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்க, இன்னொரு பக்கம் ஏசி அதை இறைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புகிற வேலை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 யூனிட் வரையான குறைந்த விலையும் நமக்குக் கிடைக்காது.

குளிர் நாட்டுப் பாடம்

லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்கள் கேட்டுப் பாருங்கள். அங்கே குளிரும் ஈரமும் சேர்ந்த வீடுகளில் இதே தொல்லை வேறு உருவத்தில் இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருளை மிச்சப்படுத்தச் சந்துகளை அடைத்தார்கள், சுவருக்கும் கூரைக்கும் காப்பு வைத்தார்கள். சூடு வெளியே போகவில்லை. காற்று போக வழி விடாத வீடுகளில் ஈரமும் போகவில்லை. சமைக்கும் ஆவியும் துணி உலரும் ஆவியும் குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து பூஞ்சை வளர்ந்தது. 2020 டிசம்பரில் ரோச்டேல் நகரில், பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் வாழ்ந்த 2 வயதுக் குழந்தை இறந்தது. காரணம் பூஞ்சைதான் என்று 2022-ல் மரண விசாரணை சொன்னது. அத்தகைய சமூக வாடகை வீடுகளில் ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்த காலத்துக்குள் சரிசெய்யக் கட்டாயப்படுத்த 2023-ல் சட்டம் வந்தது.

அவர்கள் கற்ற வரிசை இது: முதலில் ஈரம் வரும் வழியை அடை, அடுத்து காற்றோட்டம் செய், பிறகே காப்பு வை. நமக்கும் அதே வரிசைதான். அடைமழை நாளில் அறையைப் பூட்டி ஏசியை 20 டிகிரியில் வைத்தால், அந்தச் சுவரின் மறுபக்கத்தில், பக்கத்து அறை பீரோவுக்குப் பின்னால், பூஞ்சை பிடிக்கும்.

இனி நாம்

உங்கள் வீட்டுக்குள் நீங்களே செய்யக்கூடியவை சில. குளியலறை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஈரச் சுவரை உலரவிடாமல் அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. அதை அப்படியே விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் ஃபேன் போட்டு, நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் குறையும்.

சேர்ந்து செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, மழைக்கு முன் மாடியின் வெடிப்புகளை அடைத்து, வாட்டம் சரிசெய்து, நன்றாக உலர்ந்த பிறகு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ ஓடோ போடுவது. இரண்டு, கட்டடத்தைச் சுற்றி மழைநீர் தேங்காமல் வடிகால் அமைத்து, தரைத்தளச் சுவர்களின் ஈரத்தை நிறுத்துவது.

"கூரை மேல் மாடிக்காரருக்கு, அஸ்திவாரம் கீழ் வீட்டுக்காரருக்கு" என்ற பேச்சுக்கு 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்திலேயே இடமிருக்கவில்லை. இரண்டும் பொதுப் பகுதிகள். நியாயமும் அதுதான். வெடித்த கூரையில் இறங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தால் பலவீனமாவது முழுக் கட்டடம். அஸ்திவாரம் ஊறினாலும் அப்படியே.

ஆகவே பொதுக்குழுவில் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே தீர்மானமாக, ஒரே மதிப்பீடாக எடுத்துக்கொள்வோம். பணம் போதாவிட்டால் நீர் புகும் இடங்களை இந்த ஆண்டும், வெள்ளைப் பூச்சை அடுத்த சித்திரைக்கு முன்பும் முடிக்கலாம். வரிசை மட்டும் மாற வேண்டாம். மேல் மாடிக்காரர்கள் ஒரு மழை நாளில் கீழே வந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கீழே இருப்பவர்கள் ஒரு வெயில் நாளில், இரவு பத்து மணிக்கு மேலே போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து வாருங்கள். அதன் பிறகு கூட்டத்துக்கு வாருங்கள்.