குரு கிளம்பிய பிறகு: பெலெம், சாந்திநிகேதன், நெய்வேலி

இன்னைக்கு பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. சென்னை, பெங்களூருல ஜிம்முக்குப் போறவங்களுக்கு இந்தப் பேர் பழக்கம்தான். தரையில் உருண்டு, எதிராளியின் கையையோ கழுத்தையோ பூட்டி, அவரே தட்டி ஒத்துக்கொள்ள வைக்கும் கலை. நான் நெய்வேலிக்காரன். அதனால எனக்கு ஒரே கேள்வி: ஒரு டவுன்ஷிப்ல இந்த மாதிரிக் கலை வேர்பிடிக்க என்ன வேணும்?

பதில் தேடினா ஜப்பானுக்குப் போகணும். 1882-இல் ஜிகோரோ கானோ, டோக்கியோவில் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். ஜூடோ அங்கிருந்து பல நாடுகளுக்குப் போனது. அதில் இரண்டு பயணங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம்.

ஒண்ணு நம்ம நாட்டுக்கு. தாகூரின் சாந்திநிகேதனுக்கு 1905-லேயே ஜின்னோசுகே சானோ ஜூடோ கற்றுக்கொடுக்க வந்தார். 1929-இல் ஷின்ஸோ தகாகாகி வந்தார். அவரிடம் பெண்களும் கற்றார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனா இரண்டு வருஷத்தில் அவர் கிளம்பிட்டார். இரண்டு வருஷத்தில் நல்ல மாணவர் உருவாகலாம், அடுத்த ஆசிரியர் உருவாவது கஷ்டம்.

இன்னொண்ணு பிரேசிலுக்கு. 1914-இல் அங்கே போன மிட்சுயோ மயேதா, அமேசான் முகத்துவாரம் பக்கம் இருக்கிற பெலெம் நகரத்தில் குடியேறினார். 1941-இல் இறந்ததும் அங்கேயேதான். அந்த ஊர்ப் பையன் கார்லோஸ் கிரேசி அந்த வட்டத்தில் கற்று, தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். குடும்பம் ரியோ டி ஜெனிரோவுக்குப் போனப்போ கலையும் கூடவே போனது. 1951-இல் தம்பி ஹீலியோ, ஜப்பானின் மசாஹிகோ கிமுராவிடம் தோற்றார். தோற்கடித்த அந்தக் கைப்பூட்டுக்கே இன்னைக்கு 'கிமுரா'ன்னு பேர். 1993-இல் ஹீலியோவின் மகன் ராய்ஸ், அமெரிக்காவில் முதல் யு.எஃப்.சி. போட்டியை ஜெயித்தார். அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ரியோவில் ஒரு வெள்ளை பெல்ட் மேட்டில் இறங்கினா, அவரைவிடத் தேர்ந்தவங்க சுத்தி நிறைய பேர். புது ஊரில் ஒரு நீல பெல்ட்தான் வாத்தியார். அவரைத் திருத்த ஆளில்லை. நுணுக்கத்தை வீடியோவில் பார்த்துக்கலாம். ஆனா நம்ம கழுத்தை நெரிச்சு, தப்பு எங்கேன்னு காட்ட வீடியோவால முடியாது.

நெய்வேலிக்கு வெளியூர் வித்தை புதுசில்லை. 1956-இல் நிறுவனம் தொடங்கியது. சுரங்கத்தின் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்து, 1962-இல் மின்சாரம் தந்தது. நிபுணர்கள் ஊர் திரும்பினாங்க, சக்கரம் நிக்கலை. பக்கத்தில் நின்று ஷிஃப்ட் ஷிஃப்டா கற்றவங்க இங்கேயே வேலையில் இருந்தாங்க.

ஜியு-ஜிட்சுவில் கறுப்பு பெல்ட் வாங்கப் பொதுவா பத்து வருஷம் ஆகும். டவுன்ஷிப் பிள்ளைங்க ப்ளஸ் டூ முடிச்சா வெளியூர் காலேஜ். அப்பா ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும். பதினைந்து வயசுல சேர்ற பையன், சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வர்றதுக்கு முன்னாடியே பஸ் ஏறிடுவான். புது ஊர்ல வகுப்பு தொடங்குறவங்க முதல்ல பிள்ளைங்களைத்தான் தேடுறாங்க. இந்த மாதிரி ஊருக்கு அந்தக் கணக்கு இடிக்கும்.

என் கணிப்பு இதுதான்: முப்பது வயசுல வேலைக்குச் சேர்ந்த ஒருத்தருக்கு, ஆணோ பெண்ணோ, இன்னும் முப்பது வருஷ சர்வீஸ் இருக்கு. ஷிஃப்ட் முடிச்சு வாரத்துக்கு மூணு நாள் மேட்டுக்கு வந்தா, நாற்பதுகளில் அவர் வாத்தியார். அப்புறமும் பல வருஷம் ஊரிலேயே இருப்பார். பெலெமுக்கு வாய்த்த மயேதா மாதிரி, நெய்வேலிக்கு வேண்டியது அப்படித் தங்குற ஒருத்தர். அவரை முதல்ல சேர்த்துக்குங்க. பிள்ளைங்க பின்னாடியே வருவாங்க.