தீவுகளின் கதை – 14
அணையும் எலும்புக்கூடும்

1895-இல் ஜப்பானிடம் போரில் தோற்ற சீனா, ஷிமோனோசெகி உடன்படிக்கைப்படி தைவான் தீவை விட்டுக்கொடுத்தது. 50 ஆண்டு காலனி ஆட்சி தொடங்கியது. 1908-க்குள் வடக்கே கீலுங்கிலிருந்து தெற்கே காவ்சியுங் வரை ரயில் ஓடியது. தைபேயில் கவர்னர் ஜெனரலுக்காக 1919-இல் கட்டி முடித்த செங்கல் மாளிகைதான் இன்றைய தைவான் அதிபரின் அலுவலகம்.

அந்த ஆட்சியின் இரண்டு முகங்களும் 1930-இல் ஒருசேரத் தெரிந்தன.

அந்த ஆண்டுதான் தெற்கே வூஷான்டோ அணை கட்டி முடிந்தது. பொறியாளர் ஹட்டா யோயிச்சி. பத்தாண்டு உழைப்பு. வானம் பார்த்துக் கிடந்த ஜியானான் சமவெளியில் சுமார் 1,50,000 ஹெக்டேருக்குப் பாசனம் கிடைத்தது. எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போதாது என்பதால் நெல், கரும்பு, புன்செய்ப் பயிர் என்று மூன்றாண்டு முறை வைத்தார்கள். விளைந்த அரிசியிலும் சர்க்கரையிலும் பெரும்பங்கு ஜப்பானுக்குக் கப்பலேறியது. இருந்தும் உழவர்கள் ஹட்டாவை மறக்கவில்லை. வேலை உடுப்போடு தரையில் அமர்ந்து, தலைமுடியில் கைவைத்து யோசிக்கும் அவர் சிலை அணைக்கரையில் இருக்கிறது. 2017-இல் அதன் தலையை வெட்டினார்கள். மே 8 நினைவு நாளுக்குள் சீரமைத்துவிட்டார்கள்.

அதே 1930, அக்டோபர் 27. நடுமலையில் வூஷே. கட்டாய மரம் சுமக்கும் வேலையும் போலீஸ்காரர்களின் அவமதிப்பும் பொறுக்காத சீடிக் பழங்குடியினர், மோனா ருடாவ் தலைமையில் பள்ளி விளையாட்டு விழாவுக்குள் புகுந்தார்கள். 134 ஜப்பானியர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. அரசு பீரங்கியும் விமானமும் கொண்டு பழிதீர்த்தது. சரணடைய மறுத்துப் பல குடும்பங்கள் உயிரை மாய்த்துக்கொண்டன. மோனா ருடாவும் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். பின்னர் கிடைத்த அவர் எலும்புக்கூடு, ஆராய்ச்சிப் பொருளாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1973-இல்தான் அது வூஷே மண்ணுக்குத் திரும்பியது. இன்று தைவானின் 20 டாலர் நாணயத்தில் அவர் முகம் இருக்கிறது.

கால்வாயைக் காட்டி வூஷேயை மறைப்பதும், வூஷேயைச் சொல்லி அந்த உழவர்களின் நன்றியைப் பழிப்பதும் வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். நிலத்தை அளந்து வாய்க்கால் வெட்டிய அதே அரசுதான் மலைமக்களை மரம் சுமக்க வைத்தது. ஹட்டாவின் சிலையையும் மோனா ருடாவின் கல்லறையையும் தைவான் பாதுகாக்கிறது. இந்த நேர்மைதான் காலனி ஆட்சியைக் கடந்துவந்த எந்த நாட்டுக்கும் வேண்டியது.

(தொடரும்)