நோடாவின் எட்டுக் குடும்பங்கள்

குடும்ப நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களோடு காலம் தள்ளிய ஆடிட்டர் நான். மூன்றாம் தலைமுறையில் பாகப்பிரிவினை, நான்காம் தலைமுறையில் வக்கீல் நோட்டீஸ் என்பது எங்கள் தொழிலில் எழுதப்படாத விதி. அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டாலே அன்றைக்குக் காபி எனக்கு இனிக்கும். அப்படிப்பட்டவனிடம் எட்டுக் குடும்பங்கள் ஒரே நிறுவனமாகச் சேர்ந்து நூறு வருடங்களைத் தாண்டிவிட்டன என்று சொன்னால் முதலில் சந்தேகம்தான் வரும். கிக்கோமான் சோயா சாஸின் கதைக்குள் நான் நுழைந்தது அந்தச் சந்தேகத்தோடுதான். சமையலில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது.

ஊரின் பெயர் நோடா. டோக்கியோவுக்கு வடக்கே, சிபா மாகாணத்தில், எடோ ஆற்றுக்கும் தோனே ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது. மகள் டோக்கியோவில் வேலை பார்த்த சமயம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே வாசனை மூக்கில் ஏறியது. வறுத்த கோதுமையும் புளித்த மாவும் கலந்த மாதிரி ஒரு நெடி. பக்கத்திலேயே தொழிற்சாலை, பார்வையாளர்களை உள்ளே விடுகிறார்கள்.

செய்முறை சிக்கலானதல்ல, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். சோயாவை அவித்து, கோதுமையை வறுத்து உடைத்து, இரண்டையும் கலந்து அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணத்தைத் தூவுகிறார்கள். மூன்று நாளில் பச்சை மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதற்குக் கோஜி என்று பெயர். அதை உப்புநீரில் கரைத்தால் மொரொமி. கண்ணாடிக் குப்பிகளில் மாத வாரியாக மொரொமியை அடுக்கி வைத்திருந்தார்கள். புதியது வெளிறிய களிமண் நிறம். அடுத்தடுத்ததில் செம்மை ஏறி, கடைசிக் குப்பியில் கறுத்த பழுப்பு. நிறத்துக்கென்று எதையும் சேர்ப்பதில்லை, மாதக்கணக்கில் ஊறுவதிலேயே அது வந்துவிடுகிறது. பிறகு நீளத் துணியை மடித்து மடித்து அதற்குள் ஊற்றி, அவசரப்படாமல் பிழிந்து, சூடாக்கிப் புட்டியில் அடைக்கிறார்கள்.

நிறுவனம் தன் வரலாற்றை 1661-லிருந்து சொல்கிறது. அந்த ஆண்டு தகனாஷி ஹியோசாயெமோன் நோடாவில் சோயா சாஸ் தயாரிக்கத் தொடங்கினார். மறு ஆண்டு மோகி ஷிச்சிசாயெமோன் மிசோ செய்யத் தொடங்கினார். மோகி குடும்பத்தாருக்கு அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு: 1615-ல் ஒசாகா கோட்டை விழுந்தபோது கணவனைப் பறிகொடுத்து ஓடிவந்த ஷிகே என்ற சாமுராய் வீட்டுப் பெண்தான் தங்கள் மூதாதை என்பார்கள். இதற்கெல்லாம் வவுச்சர் கேட்க முடியாது. ஆனால் நோடா ஏன் தழைத்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சுற்றுவட்டாரச் சமவெளியில் சோயாவும் கோதுமையும் விளைந்தன, ஆற்றுவழியே உப்பு வந்து இறங்கியது, அதே ஆற்றில் பீப்பாய்களை ஏற்றினால் உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றான எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, ஒரே நாளில் போய்விடும். அதுவரை எடோவின் சாப்பாட்டு மேசைக்கு ஒசாகா பக்கத்துச் சரக்குதான் கடல்வழியாக வந்துகொண்டிருந்தது. கோதுமை கூடுதலாகச் சேர்த்த, அடர்ந்த நிறமுள்ள கிழக்கத்திச் சாஸ் கொஞ்சம் கொஞ்சமாக அதை வெளியேற்றியது.

மேற்கத்திச் சரக்கு வேறு திசைகளுக்கும் போனது. நாகசாகியில் உட்கார்ந்திருந்த டச்சுக் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டிலேயே அதைப் பீப்பாயில் அடைத்துத் தன் ஆசியக் கிடங்குகளுக்கு அனுப்பியது. அந்தக் கிடங்குகளின் பட்டியலில் இலங்கையும் நம் சோழமண்டலக் கரையும் உண்டு. பழவேற்காட்டு மீன் குழம்பில் அது ஒரு சொட்டும் கலந்ததாகத் தெரியவில்லை. துரைமார் மேசையோடு நின்றிருக்கும்.

நோடாவின் குடும்பங்கள் பெண் கொடுத்து, பெண் எடுத்து, ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்குத் தத்துக் கொடுத்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. வியாபாரத்தில் மட்டும் தனித்தனிக் கடை, தனித்தனி முத்திரை, கடும் போட்டி. 1887-ல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்தார்கள். மூலப்பொருள் விலையும் கூலியும் ஆளுக்கு ஆள் ஏறாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. முதலாம் உலகப் போரின்போது பெரிய முதலீடும் இயந்திரங்களும் வந்துவிட்டன. சின்னச் சின்னப் பட்டறைகள் தனித்தனியாகத் தாக்குப்பிடிக்க முடியாது என்று புரிந்தது. 1917 டிசம்பரில் மோகி, தகனாஷி, ஹொரிகிரி வழியைச் சேர்ந்த எட்டு வீடுகளும் சேர்ந்து எழுபது லட்சம் யென் மூலதனத்தில் நோடா ஷோயு கம்பெனியைப் பதிவு செய்தன. கையிலிருந்த ஏராளமான முத்திரைகளில் மோகி சஹெய்ஜி வீட்டு அறுகோண முத்திரை டோக்கியோவில் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் கிக்கோமான். நாளடைவில் மற்ற முத்திரைகளை ஓரங்கட்டிவிட்டு அதையே முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். தன் வீட்டுப் பெயர் மறையச் சம்மதிப்பது லேசான காரியமில்லை. எங்களூரில் விளக்கு போர்டில் யார் பெயர் முதலில் என்பதற்காகவே கம்பெனி உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தலைமுறைக்கு ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான் நிறுவனத்தில் வேலைக்குச் சேரலாம் என்ற வழக்கத்தையும் வைத்துக்கொண்டார்கள். நான் பார்த்த பாதி வழக்குகள் இந்த ஒரு விதி இருந்திருந்தால் வந்தே இருக்காது.

எட்டு வீட்டு ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேகமாகப் புரட்டிவிடும் பக்கம் ஒன்று இருக்கிறது. 1927 செப்டம்பரில் நோடா தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலிதான் முக்கியக் கோரிக்கை. அதற்கு முன்பே மேஸ்திரிகளிடம் சிக்கிய பழைய வேலைமுறையை எதிர்த்தும் அங்கே சங்கம் போராடியிருந்தது. நிறுவனம் ஆயிரம் பேரளவுக்கு வேலைநீக்கம் செய்தது, வெளியாட்களைக் கொண்டுவந்து ஆலையை ஓட்டியது. தொழிலாளர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். 1928 மார்ச்சில் சங்க நிர்வாகி ஒருவர் டோக்கியோவில் பேரரசர் போகும் வழியில் மனுவோடு பாய்ந்தார். அந்தக் காலத்து ஜப்பானில் நினைத்தும் பார்க்கக் கூடாத செயல் அது. ஏப்ரலில் சமரசம் ஆனபோது 218 நாட்கள் கடந்திருந்தன. போருக்கு முந்தைய ஜப்பானில் இவ்வளவு நீண்ட வேலைநிறுத்தம் வேறில்லை. வேலை இழந்தவர்களில் ஒரு பகுதியினரைத்தான் திரும்ப எடுத்தார்கள். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்ற பேச்சும், ஊருக்கான நலப்பணிகளும் இதற்குப் பிறகு பலமாயின. பழைய பாரம்பரியம் என்று நினைக்கிற பலவற்றுக்கு இந்தச் சண்டைதான் பிறப்புச் சான்றிதழ் என்பது என் கணிப்பு.

அடுத்த கண்டம் 1948-ல் வந்தது. போரில் தோற்ற நாட்டில் சோயா பஞ்சம், பங்கீடு அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் கையில். மாதக்கணக்கில் ஊறப்போடுவது வீண், அமிலத்தில் சிதைத்து உடனடியாகச் சாஸ் தயாரிப்பவர்களுக்கே பெரும்பங்கு சோயா என்று அங்கிருந்த அதிகாரி ஆப்பிள்டன் அம்மையார் முடிவு செய்யவிருந்தார். நோடா நிறுவனத்தின் ததேனோ மசாரு இடைவழி ஒன்றைக் கண்டுபிடித்தார்: புரதத்தை அமிலத்தில் ஓரளவு மட்டும் சிதைத்து, பிறகு கோஜி சேர்த்து நொதிக்க விடுவது. விளைச்சல் கூடியது, காலம் குறைந்தது, ருசியும் தேறியது. நிர்வாகம் மனம் மாறியது. நிறுவனம் அந்தக் காப்புரிமையை எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. தர்மமா, சாமர்த்தியமா? மற்றவர்கள் எல்லாரும் அமிலத்துக்கு மாறிவிட்டால் ஊறவைத்த சாஸுக்குச் சந்தையே இருக்காது என்பதைக் கணக்குத் தெரிந்தவர் யாரோ அங்கே யோசித்திருக்க வேண்டும்.

சிவப்பு மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டி 1961-ல் வந்தது. வடிவமைத்தவர் எகுவான் கென்ஜி. ஹிரோஷிமா குண்டில் தங்கையையும் அதன் பின்விளைவில் தகப்பனாரையும் இழந்தவர். கொஞ்சகாலம் பிக்குவாக இருந்தவர். கையில் எடுத்துப் பாருங்கள். அடி அகலம், கழுத்து ஒடுக்கம், தட்டினாலும் லேசில் சாயாது. மூடியில் இரண்டு துளைகள். ஒன்றை விரலால் அடைத்தால் மற்றதில் ஒழுக்கு நின்றுவிடும். மூக்கின் நுனியை உட்பக்கமாகச் சரித்து வெட்டியிருப்பதால் கடைசிச் சொட்டு வெளியே வழியாமல் உள்ளே திரும்பிவிடுகிறது. அதுவரை பெரிய புட்டியில் வாங்கி வேறு பாத்திரத்தில் மாற்றிக்கொண்டிருந்த பொருள் கடையிலிருந்து நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. 2018-ல் ஜப்பானில் இந்தப் புட்டியின் வடிவமே வணிகச் சின்னமாகப் பதிவானது.

அமெரிக்காவில் 1957-ல் சான் பிரான்சிஸ்கோவில் அலுவலகம் திறந்தார்கள். ஜப்பானியச் சமையலைக் கற்றுத்தரப் போகவில்லை. உங்கள் மாட்டிறைச்சிக்கு இதை ஊற்றிப் பாருங்கள் என்று கடை கடையாக வறுத்துக் கொடுத்தார்கள். கொலம்பியாவில் எம்.பி.ஏ. முடித்துவந்த மோகி யூசாபுரோ அங்கேயே ஆலை கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். அமெரிக்கச் சோயாவையும் கோதுமையையும் ஜப்பானுக்கு ஏற்றி, சாஸாகத் திருப்பி அனுப்பினால் கப்பல் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். விஸ்கான்சினில் வால்வொர்த் என்ற கிராமத்தைப் பிடித்தார்கள். நல்ல விளைநிலத்தில் ஆலையா என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். யூசாபுரோ ஊர்க் கூட்டங்களில் போய் உட்கார்ந்து பதில் சொன்னார், உள்ளூர் ஆட்களையே வேலைக்கு எடுத்தார். 1973 ஜூனில் ஆலை திறந்தது. அதே மாதக் கடைசியில் நிக்சன் சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டார்; நோடா தவித்தது, வால்வொர்த்துக்கு வாசலிலேயே சோயா இருந்தது.

இப்போது வருமானத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. நிறுவனத்தின் கணக்கை நான் வழக்கம்போல் பிரிவு வாரியாகப் படித்தேன். விற்பனையில் பெரிய வரி சாஸுடையதே அல்ல. 1969-லிருந்து கூட வைத்துக்கொண்ட ஜே.எஃப்.சி. என்ற மொத்த வியாபாரக் கம்பெனி, பிறர் தயாரித்த அரிசி, நூடுல்ஸ், கடற்பாசி என ஆசியச் சரக்கையெல்லாம் உலகம் முழுக்கக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கொண்டு சேர்க்கிறது. அந்த வரிதான் முதலிடத்தில் நிற்கிறது.