பர்க்கிட் நிணநீர்ப் புற்றுநோய்

இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான நிணவணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதால் உண்டாகும் நோய்கள் நிணவணுப் பெருக்க நோய்கள் எனப்படும். அவற்றுள் மிக விரைந்து வளர்வதும், மனிதப் புற்றுநோயோடு தொடர்புடைய வைரஸ் ஒன்றை முதன்முதலில் அடையாளம் காட்டியதும் பர்க்கிட் நிணநீர்ப் புற்றுநோயாகும்.

உகாண்டாவின் கம்பாலா நகரிலுள்ள முலாகோ மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த அயர்லாந்துக்காரர் டெனிஸ் பர்க்கிட், 1957இல் தாடையின் இருபுறமும் மேலும் கீழும் வீங்கிய ஒரு சிறுவனைக் கண்டார். அதே வீக்கம் வேறு குழந்தைகளிடமும் தென்படவே, 1958இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1961இல் நண்பர்கள் இருவருடன் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் காரில் பயணம் செய்து, வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் இந்நோய் பரவலாக இருப்பதையும், குளிர்ந்த மேட்டுநிலங்களில் அரிதாவதையும் அவர் பதிவு செய்தார். மலேரியா நிலவும் பகுதிகளோடு ஒத்துப்போன அந்த வரைபடமே, விலையுயர்ந்த ஆய்வுக்கருவி எதுவுமின்றிப் பெறப்பட்ட முதல் பெரும் தடயமாகும்.

அவ்வாண்டு லண்டனில் பர்க்கிட் ஆற்றிய உரையைக் கேட்ட மருத்துவ ஆய்வாளர் அந்தோணி எப்ஸ்டீன், நோய்க்குக் காரணம் வைரஸாக இருக்கலாம் எனக் கருதி, கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகளை விமானத்தில் வரவழைத்து ஆராய்ந்தும் நெடுங்காலம் பலன் கிட்டவில்லை. மூடுபனியால் தாமதமாக வந்து சேர்ந்த ஒரு மாதிரியின் திரவம் கலங்கியிருந்தது. கிருமி புகுந்து கெட்டுவிட்டதென ஒதுக்கிவிடாமல் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தபோது, உயிருள்ள அணுக்கள் தனித்தனியே மிதந்தன. அவற்றை வளர்த்து மின்னணு நுண்ணோக்கியில் நோக்கியதில் புதிய வைரஸ் தென்பட, எப்ஸ்டீனும் அவருடன் பணியாற்றிய பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகியோரும் 1964இல் அதை அறிவித்தனர். இன்று அது எப்ஸ்டீன்-பார் வைரஸ் எனப்படுகிறது.

உலகில் பெரும்பாலோர் உடலில் இவ்வைரஸ் தீங்கின்றித் தங்கியிருப்பதால், அது மட்டுமே காரணமாக முடியாது என்பது பின்னர் தெளிவாயிற்று. இந்நோயின் அணுக்களில் எட்டாவது குரோமோசோமின் ஒரு பகுதி பதினான்காவதோடு இடம் மாறுவதால், அணுப்பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணு ஓயாமல் இயங்குகிறது என 1980களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது.

அதிவேகமாகப் பெருகும் அணுக்களை மருந்து எளிதில் தாக்குமாதலால், சைக்ளோபாஸ்பமைடு என்னும் ஒரே மருந்தில் கட்டிகள் கரைந்ததைப் பர்க்கிட்டே கண்டார். கூட்டுமருந்துச் சிகிச்சை அதன்மேல் எழுந்தது. தீவிர நிலையிலிருந்த குழந்தைகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ரிட்டக்ஸிமாப் என்னும் எதிர்ப்புரத மருந்தையும் சேர்த்தபோது, மூன்றாண்டு நோயின்றி வாழ்ந்தோர் விகிதம் ஏறத்தாழ 82 விழுக்காட்டிலிருந்து 94 ஆக உயர்ந்தது. நோய் முதலில் அறியப்பட்ட ஆப்பிரிக்க நாடுகளிலோ, தாமதமான நோயறிதலாலும் மருந்துத் தட்டுப்பாட்டாலும் பிழைப்போர் விகிதம் இன்றும் மிகக் குறைவாகவே உள்ளது.