தீப்பெட்டி ஆபீஸின் வேலைக்கணக்கு

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீக்குச்சி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பிய பின் சிவகாசியில் வேரூன்றிய தொழிலுக்கு, மழை குறைந்து வேளாண்மை பொய்த்த அவ்வட்டாரத்தின் காய்ந்த வெயிலும் வேலையற்ற கைகளுமே முதலீடாயின. ஸ்வீடன் நாட்டாரின் விம்கோ நிறுவனம் இந்தியாவில் எந்திரங்களைக் கொண்டு தீப்பெட்டி செய்துவந்த அதே காலத்தில், சிவகாசியின் சிறு முதலாளிகள் கைவேலையையே நம்பினர். ஆகவே எதை, எவ்வளவு, எப்போது செய்வது என்று முன்கூட்டி வகுக்கும் உற்பத்தித் திட்டம் அங்கு எந்திரத்தின் வேகத்தை ஒட்டி அமையவில்லை.

உள்ளூரார் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றழைக்கும் தொழிற்கூடத்தில், குச்சிகளை ஒன்றையொன்று தொடாதவாறு சட்டத்தில் வரிசையாகச் செருகுவது 'கட்டை அடுக்குதல்' எனப்படும். அடுக்கிய கட்டையின் நுனிகளை மெழுகிலும், பின்னர் பொட்டாசியம் குளோரேட் சேர்ந்த மருந்திலும் முக்கி, உலர்த்தி, பெட்டிகளில் அடைப்பார்கள்; பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசப்படும். இவற்றுள் மருந்து முக்குதல் தேர்ந்த சிலர் ஆபீஸுக்குள்ளேயே செய்ய வேண்டிய வேலை. பெட்டி ஒட்டுவதோ சுற்றுக் கிராமங்களின் திண்ணைகளுக்குச் சென்றது. முக்குபவர் கட்டைக்காகவும் அடைப்பவர் பெட்டிக்காகவும் காத்திருக்கக் கூடாது என்பதால், முந்தைய நிலைகளில் எப்போதும் சிறிது தாங்கு சரக்கு, அதாவது தடங்கலை ஈடுகட்டும் கையிருப்பு, சேர்ந்திருக்கும்படி கணக்கப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டனர். மழையால் உலர்த்துதல் தடைப்பட்டாலோ ஆர்டர் குறைந்தாலோ வீடுகளுக்குப் போகும் அட்டை நின்றுவிடும். கூலி எண்ணிக்கைப்படி என்பதால் அந்நாளின் இழப்பு முழுவதையும் ஒட்டுபவரே சுமந்தார். தேவை கூடிய நாளிலோ, விடியுமுன் கிராமங்களுக்கு வந்த பேருந்துகள் சிறுவர் சிறுமியரையும் ஏற்றிச் சென்றன. முதலாளியின் திட்டம் வளைந்துகொடுத்தது என்றால், பெண்களும் குழந்தைகளும் தம் உறக்கத்தையும் படிப்பையும் கூலியையும் இழந்ததால்தான். இதைச் சொல்லாமல் அத்தொழிலின் சிக்கனத்தைப் புகழ்வது வரலாறாகாது.

வரியும் இந்தக் கணக்கில் நுழைந்தது. 1934இல் சட்டமாக வந்த தீப்பெட்டி ஆயத்தீர்வை, அதாவது உற்பத்தியின்மீது விதிக்கப்படும் வரி, பின்னாளில் சிறிய கூடங்களுக்குக் குறைந்த விகிதத்தில் அமைந்தபோது, ஒரு கூடத்தைப் பெரிதாக்குவதைவிட ஒரே குடும்பத்தார் பல பெயர்களில் பல ஆபீஸ்களை நடத்துவது ஆதாயமானது. எந்த ஆபீஸில் எவ்வளவு செய்வது என்பதை வரி வரம்பும் சேர்ந்தே தீர்மானித்தது.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி உற்பத்தியில் சிறுவரை அமர்த்துவதைத் தடுத்தது; ஆயினும் குடும்பத்தார் துணையுடன் நடத்தும் பணியிடங்களுக்கு விலக்களித்ததால், ஏற்கெனவே திண்ணைக்குப் போயிருந்த வேலை சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் படவில்லை. பள்ளிக்கூடங்களின் பெருக்கமும், அடுக்குவதையும் முக்குவதையும் தாமே செய்யும் எந்திரங்களின் வருகையும் சேர்ந்தே அந்த ஏற்பாட்டைத் தளர்த்தின; கட்டை அடுக்குவது கைவேலையாக இல்லாத ஆபீஸ்களில், கிராமத்து வீடுகளிடமிருந்த தாங்கு சரக்கு கூடத்துக்குள் வந்து, அதன் செலவு முதலாளியின் பேரேட்டில் ஏறியது.